கடுங்குளிரால் புராஸ்டேட் கட்டியை அழிப்பது: ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுக்கட்டிக்குள் ஊசிகளைச் செருகி, உறையவைத்து அழிக்கும் முறைக்குக் கிரையோஅப்ளேஷன் என்று பெயர். கிரையோதெரபி, கிரையோசர்ஜரி என்றும் சொல்வார்கள். "குளிர் பட்டால் செல் செத்துவிடும், அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்பதுதான் இதைப் பற்றிப் பேசும்போது நான் அதிகம் கேட்கும் கேள்வி. ஆராய நிறையவே இருக்கிறது. எவ்வளவு குளிர் என்பதோடு, அந்தக் குளிர் எவ்வளவு வேகத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எப்படி விலகியது என்பவையும் சேர்ந்துதான் ஒரு செல்லின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதைச் சுற்றியே வரும்.

எவ்வளவு குளிரைப் பற்றிப் பேசுகிறோம்?

திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். ஆர்கானுக்கு மைனஸ் 186. ஊசியின் நுனி இந்த அளவை நெருங்கலாம், ஆனால் கட்டிக்குள் இருக்கும் செல்கள் அதை அனுபவிப்பதில்லை. நுனியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் தள்ளிப் போகவும் வெப்பம் கிடுகிடுவென்று ஏறுகிறது. ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது மைனஸ் 196-ஐப் பற்றி அல்ல, மைனஸ் 10-க்கும் மைனஸ் 40-க்கும் நடுவில் இருக்கும் பகுதியைப் பற்றித்தான். சில செல்கள் சாவதும் சில செல்கள் பிழைத்துக்கொள்வதும் அங்கேதான்.

ஆய்வகங்களில் செல்களைப் பாதுகாப்பதும் திரவ நைட்ரஜனில்தானே? அதே குளிர் ஒரு இடத்தில் காப்பாற்றி, இன்னொரு இடத்தில் கொல்வது எப்படி?

இதைவிட நல்ல கேள்வி இந்தத் துறையில் இல்லை. பரிசோதனைக்காக நாம் கொல்லப்போகும் அதே புராஸ்டேட் புற்றுச் செல்கள், அதற்கு முன்பு பல ஆண்டுகள் திரவ நைட்ரஜன் தொட்டியில் உயிரோடு உறங்கியவைதான்.

பாதுகாக்கும்போது டிஎம்எஸ்ஓ போன்ற ஒரு காப்புப் பொருளைச் சுமார் பத்து சதவீதம் சேர்ப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் மெல்லக் குளிர்விப்பார்கள். செல்லுக்குள் இருக்கும் நீர் பதற்றமில்லாமல் வெளியேற நேரம் கிடைக்கிறது. திரும்ப எடுக்கும்போது 37 டிகிரி தண்ணீரில் ஆட்டி, ஒன்றிரண்டு நிமிடத்தில் உருக்கிவிடுவார்கள். சுருக்கமாக, மெல்ல உறையவைத்து வேகமாக உருக்குவது.

கொல்ல வேண்டுமென்றால் அப்படியே தலைகீழ்: காப்புப் பொருள் கிடையாது, வேகமாக உறையவைத்து, மெல்ல உருகவிட வேண்டும். பிறகு இன்னொரு முறை. 1972-ல் பீட்டர் மேசரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த இரு-காரணி விளக்கம் இதற்கு அடித்தளம். மிக மெதுவாகக் குளிர்வித்தால் உப்புச் செறிவு ஏறியும் நீர் வற்றியும் செல் பாதிக்கப்படும். மிக வேகமாகக் குளிர்வித்தால் செல்லுக்குள்ளேயே பனி உருவாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பான வேகம் உண்டு, அது செல்லுக்குச் செல் மாறும். செல்களைச் சேமிப்பவர்கள் அந்த வேகத்தைத் தேடுகிறார்கள். புற்றை அழிப்பவர்கள் அதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

பனி செல்லை எப்படிக் கொல்கிறது? ஊசிபோல் குத்திக் கிழித்துவிடுமா?

அது கதையின் ஒரு பகுதிதான். முதலில் செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் உறைகிறது. பனிப்படிகம் சுத்தமான நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை வெளியே தள்ளும். மிச்சமிருக்கும் திரவம் கரிப்பேறிக்கொண்டே போக, செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு, செல் உலர்ந்த திராட்சைபோலச் சுருங்குகிறது. புரதங்களும் சவ்வும் அப்போதே அடிவாங்கத் தொடங்கிவிடும்.

வெப்பம் இன்னும் வேகமாக இறங்கினால் நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே உறைகிறது. செல்லுக்குள் பனி உருவாகிவிட்டால் அது பிழைப்பது அபூர்வம். உருகும்போதும் ஆபத்து தீர்வதில்லை. மெல்ல உருகும் திசுவில் சிறு படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரும் படிகங்களாகின்றன. உப்பு மிகுந்த இடத்துக்கு நீர் பாய்ந்து, சுருங்கிக் கிடந்த செல் உப்பி வெடிக்கிறது.

இந்த அடிகளையெல்லாம் தாங்கி முழுசாக வெளியே வந்த செல்லும் தப்பித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஏற்பட்ட சேதம், செல்லின் புரதங்களை வெட்டும் கேஸ்பேஸ் நொதிகளைத் தூண்டிவிட, செல் தன்னைத் தானே கலைத்துக்கொள்கிறது. இதுதான் அபோப்டோசிஸ். உறைந்து பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட இந்தச் சாவு வருகிறது. குளிரால் வரும் சாவைப் பனியின் வேலையாக மட்டுமே பார்த்த காலம் உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஜான் பவுஸ்ட் போன்றவர்களின் ஆய்வுகள் இந்தத் தாமதச் சாவை முன்னுக்குக் கொண்டுவந்தன. இந்தத் துறையில் எனக்குப் பெரிய திருப்பமாகப் படுவது அதுதான்.

இந்த யோசனை எப்போது தொடங்கியது?

ஜேம்ஸ் ஆர்னட் என்ற பிரித்தானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து, சுமார் மைனஸ் 20 டிகிரிக் குளிரை மார்பக, கருப்பை வாய்ப் புற்றுகளின் மேல் வைத்துப் பார்த்தார். வலியும் கசிவும் குறைந்தன. 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியில் தன் கருவியைக் காட்சிக்கும் வைத்தார். உடலின் ஆழத்துக்குக் குளிரைக் கொண்டுபோக ஒரு நூற்றாண்டு ஆனது. 1961-ல் நியூயார்க் நரம்பியல் அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், திரவ நைட்ரஜன் ஓடும் மெல்லிய கருவியை மூளைக்காக உருவாக்கினார்.

அதை புராஸ்டேட்டுக்குத் திருப்பியது நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். மாரிஸ் காண்டர், வார்ட் சோன்ஸ் ஆகியோர் 1964-ல் புராஸ்டேட் உறைவித்தல் பரிசோதனைகளை வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கும் அது சீக்கிரமே வந்தது. ஆனால் பனி எதுவரை போகிறது என்று பார்க்க வழியில்லாததால் பக்கத்து உறுப்புகள் அடிபட்டன, முறையும் ஓரங்கட்டப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் கேரி ஓனிக், ஜெஃப்ரி கோஹன் குழுவினர் மலக்குடல் வழி அல்ட்ராசவுண்டில் பனியைப் பார்த்துக்கொண்டே உறையவைத்த பிறகுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது.

ஆய்வகத்தில் எந்தச் செல்களைப் பயன்படுத்துகிறார்கள்?

மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். எல்என்கேப், நிணநீர்க் கணுவுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றிலிருந்து வந்தது. ஆண் ஹார்மோனைச் சார்ந்து வளரும். பிசி-3 எலும்புக்குப் பரவிய புற்றிலிருந்தும், டியூ-145 மூளைக்குப் பரவியதிலிருந்தும் எடுக்கப்பட்டவை. இவை இரண்டுக்கும் ஆண் ஹார்மோன் தேவையில்லை. மூன்றுமே 1970-களில் உருவான செல் வரிசைகள், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் வகைகள்.

இந்த வேறுபாடு பெயரளவில் நிற்பதல்ல. ஹார்மோன் சார்ந்த எல்என்கேப் செல்கள் குளிருக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். பிசி-3 போன்றவை பிடிவாதமானவை. எல்என்கேப்பைத் துடைத்தெடுக்கும் அளவுக் குளிரில் பிசி-3-ல் கொஞ்சம் மிஞ்சி, சில நாள் கழித்து மறுபடி தழைக்கும். செல்லைச் சுற்றுப்புறத்தோடு பிணைக்கும் இன்டெக்ரின் புரதங்களுக்கு இந்தப் பிடிவாதத்தில் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத புற்றே குளிருக்கும் சட்டென்று அடங்காது என்பது மருத்துவத்துக்கு முக்கியமான எச்சரிக்கை. ஆகவே ஒரே ஒரு செல் வரிசையில் செய்த ஆய்வைப் படிக்கும்போது, எந்த வரிசை என்று முதலில் பாருங்கள்.

ஒரு பரிசோதனை உண்மையில் எப்படி நடக்கும்?

மிக எளிமையான வடிவத்தைச் சொல்கிறேன். சிறு குழாயில் இளஞ்சிவப்பு வளர்ப்பு ஊடகம், அதில் மிதக்கும் செல்கள், உள்ளே வெப்பத்தை அளக்கும், முடிபோன்ற ஒரு தெர்மோகப்பிள் கம்பி. குழாயைக் குளிர்த்தொட்டியில் இறக்கியதும் திரையில் கோடு இறங்கத் தொடங்கும். பூஜ்ஜியத்தில் உறைந்துவிடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். மைனஸ் 5, மைனஸ் 6 என்று போய்க்கொண்டே இருக்கும், நீர் இன்னும் நீராகவே இருக்கும். பிறகு ஒரு கணத்தில் கோடு துள்ளி மேலே ஏறும். நீர் உறையும்போது விடும் வெப்பம் அது. குழாயைப் பார்த்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தெளிவு மங்கிப் பால்போலாவது தெரியும். அந்தத் துள்ளல் குழாய்க்குக் குழாய் வேறு வேறு இடத்தில் வந்தால் முடிவுகளை ஒப்பிட முடியாது. அதனால் மைனஸ் 2 அளவில் நிறுத்தி, திரவ நைட்ரஜனில் தோய்த்த இடுக்கியால் குழாயின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, பனியை நாமே விதைப்போம்.

அடுத்து வருவதுதான் கற்றுக்குட்டிகள் தடுக்கி விழும் இடம். உருக்கிய கையோடு ட்ரிப்பான் நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது பளிச்சென்று நிற்கும். மைனஸ் 15 வரை போன குழாயில் பாதிக்கு மேல் பளிச்சென்று தெரியும். "இவ்வளவு பிழைத்துவிட்டதே" என்று எழுதி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் அவற்றில் பல நீலமாகியிருக்கும். மூன்றாம் நாள் இன்னும் குறையும். ஏழாம் நாள் அதே தட்டின் மூலையில் சின்னதாக ஒரு கூட்டம் உட்கார்ந்து பெருகிக்கொண்டிருக்கும். முதல் நாள் எண்ணிக்கையும் பொய், மூன்றாம் நாள் நிம்மதியும் பொய். குறைந்தது ஒரு வாரம் பின்தொடராத ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

இதற்கு அடுத்த படி கொலாஜன் ஜெல். செல்களை ஜெல்லுக்குள் வளர்த்து, நடுவில் உறைவிக்கும் ஊசியை வைத்து, சுற்றிலும் பல தூரங்களில் வெப்பத்தை அளப்பார்கள். எந்த வளையத்தில் எத்தனை டிகிரி, அங்கே எத்தனை பிழைத்தன என்று ஒரே ஜெல்லில் வரைபடம் போட்டுவிடலாம்.

ஊசி எப்படி அவ்வளவு குளிர்கிறது?

அழுத்தம் மிகுந்த ஆர்கான் வாயு, ஊசிக்குள் இருக்கும் மிகச் சிறிய துளை வழியாகச் சட்டென்று விரியும்போது குளிர்கிறது. ஜூல்-தாம்சன் விளைவு என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். ஹீலியம் அறை வெப்பத்தில் விரிந்தால் சூடாகும். அதனால் ஆர்கான் உறையவைக்க, ஹீலியம் உருக்க. ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான்.

ஊசியைச் சுற்றி உருவாகும் பனிப்பந்து கட்டியை மூடிவிட்டது திரையில் தெரிகிறது. அப்படியானால் கட்டி முழுதும் செத்துவிட்டதுதானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தைக் களையவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

பனிப்பந்தின் விளிம்பு என்பது நீர் உறையத் தொடங்கும் இடம். அங்கே வெப்பம் பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரிகூடக் கீழே இருக்காது. அந்தக் குளிரில் புற்றுச் செல் சாவதில்லை. இந்தத் துறையின் பொதுவான அறிவுரை கட்டியின் எல்லாப் பகுதியும் மைனஸ் 40-க்குக் கீழே போக வேண்டும் என்பது; ஆண்ட்ரூ கேஜ், ஜான் பவுஸ்ட் இருவரும் 1998-ல் எழுதிய மதிப்பாய்வு மைனஸ் 50 வரை கேட்கிறது. மைனஸ் 40 கோடு பனிப்பந்தின் விளிம்பிலிருந்து பல மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. வெளியே தெரியும் வெள்ளைப் பந்துக்குள், கொல்லும் திறனுள்ள சிறிய பந்து ஒன்று ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் பந்தைப் பெரிதாக்கிவிடலாமே?" ஆக்கலாம், ஆனால் புராஸ்டேட் இருக்கும் இடம் அப்படி. நடுவே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. பின்புறம் சில மில்லிமீட்டரில் மலக்குடல் சுவர். இரு பக்கமும் ஆண்குறி விறைப்புக்கான நரம்புக் கற்றைகள். பந்தை அரை சென்டிமீட்டர் வளரவிட்டால் புற்றோடு சேர்த்து ஒருவரின் அன்றாட வாழ்க்கையும் அடிபடலாம். அல்ட்ராசவுண்டும் பனியின் முன்விளிம்பைத்தான் காட்டும், பின்னால் இருப்பது நிழல். எம்ஆர்ஐயில் முழுப் பந்தும் தெரியும், ஆனால் அதுவும் பனியைக் காட்டுமே தவிரச் சாவைக் காட்டாது.

மைனஸ் 40-ல் கிடைக்கும் சாவை மைனஸ் 20-லேயே கிடைக்கச் செய்ய முடியுமா என்று ஆய்வகங்கள் தேடுவதற்கு இதுதான் காரணம். முடிந்தால் பந்தின் விளிம்புவரை நம்பலாம், பக்கத்து உறுப்புகளையும் விட்டுவைக்கலாம்.

ஏன் இரண்டு முறை உறையவைக்கிறார்கள்?

முதல் முறையில் சவ்வுகள் ஓட்டையாகி, இரத்த ஓட்டமும் குறைந்துபோவதால், இரண்டாம் முறை குளிர் இன்னும் வேகமாக, இன்னும் தூரம் பரவும். பிசி-3 போன்ற பிடிவாதச் செல்களில் இந்த இரண்டாம் சுற்றின் பலன் கண்கூடாகத் தெரியும்.

தட்டில் செத்த செல் உடலிலும் அதே வெப்பத்தில் சாகுமா?

உடலில் இரண்டு விஷயங்கள் எதிரெதிராக இழுக்கும். ஒன்று, ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் இருக்கும் செல் போதுமான குளிரை எட்டாமலே போகலாம். இன்னொன்று நமக்குச் சாதகம். குளிர் இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சேதப்படுத்தி இரத்தத்தை உறையச் செய்கிறது. உருகிய சில மணி நேரத்தில் ஓட்டம் நின்று, பனியிலிருந்து தப்பிய செல்லும் ஆக்சிஜன் இல்லாமல் சாகிறது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் பிஷாஃப் குழுவினர் டன்னிங் ஏடி-1 என்ற எலிப் புராஸ்டேட் கட்டியில் இதை விரிவாகப் பார்த்தார்கள். விலங்கின் முதுகுத் தோலில் கண்ணாடிச் சன்னல்போல ஒரு அமைப்பைப் பொருத்தி, உயிருள்ள கட்டியின் இரத்த ஓட்டத்தை உறைவித்தலுக்கு முன்னும் பின்னும் பார்க்கும் முறை அது. தனிச் செல்களாக இருந்தபோது தாக்குப்பிடித்த வெப்பத்தில்கூட, இரத்த ஓட்டம் நின்றுபோனதால் கட்டி செத்தது.

மருந்தோடு சேர்த்தால் குளிர் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?

செய்கிறது. ஆய்வகத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் பகுதி இது. மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, செல்லை முன்கூட்டியே தளர்த்திவைப்பது. 5-ஃப்ளூரோயுராசில் போன்ற கீமோ மருந்து, செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் டிரெய்ல் என்ற புரதம், வைட்டமின் டி-யின் செயல்வடிவமான கால்சிட்ரியால் ஆகியவற்றைக் குறைந்த அளவில் கொடுத்துவிட்டு உறையவைத்தபோது, தனித்தனியே கொடுத்ததைவிட அதிகச் செல்கள் செத்தன. மருந்தும் குளிரும் ஒரே தற்கொலைப் பாதையை இரு பக்கமிருந்தும் தள்ளுகின்றன.

இரண்டாவது, இரத்தக் குழாய்களைக் குறிவைப்பது. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் கட்டியின் இரத்தக் குழாய்களை வீங்கவைத்துத் தயாராக்கிவிடும். அதற்குப் பின் உறையவைத்தால் சாவு பனிப்பந்தின் விளிம்பை நெருங்குகிறது. இதை அப்படியே உடலில் செலுத்தினால் நச்சு. அதனால் தங்க நுண்துகளில் ஏற்றிக் கட்டிக்கு அனுப்பும் முயற்சிகள் நடந்தன.

மூன்றாவது, பனியையே கூர்மையாக்குவது. துருவக் கடல் மீன்களின் இரத்தத்தில் அவை உறையாமல் காக்கும் புரதங்கள் உண்டு. அதே புரதங்கள், ஆழ்ந்த குளிரில் பனியை ஊசி ஊசியாக வளரச் செய்கின்றன. போரிஸ் ரூபின்ஸ்கி குழுவினர் 1999-ல் இவற்றைச் சுண்டெலியில் வளர்த்த புராஸ்டேட் கட்டிகளில் செலுத்தி உறையவைத்தபோது அழிவு அதிகரித்தது. ஒரு மீனைக் காக்கும் பொருள் ஒரு கட்டியைக் கொல்லும் கருவியாவதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

உறைந்து செத்த கட்டி, உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் என்கிறார்களே?

வெப்பம் புரதங்களை வேகவைத்துவிடும். குளிர் அவற்றைப் பெரும்பாலும் உருக்குலையாமல் விட்டுச்செல்லும். ஆகவே உறைந்து உடைந்த கட்டி, எதிர்ப்பு மண்டலத்துக்குப் புற்றின் அடையாளங்களைக் காட்டலாம் என்ற எதிர்பார்ப்பு பழையது. சோன்ஸ், ஆப்லின், காண்டர் மூவரும் 1970-ல், புராஸ்டேட்டை உறையவைத்த சில நோயாளிகளிடம் தொலைவில் பரவியிருந்த புற்றும் பின்வாங்கியதாக எழுதினார்கள். ரிச்சர்ட் ஆப்லின் அதே காலத்தில், உறைவித்தலுக்குப் பிந்தைய எதிர்ப்பைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் புராஸ்டேட்டுக்கே உரிய ஆன்டிஜென் (எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பொருள்) பற்றி அறிவித்தார். இன்று புராஸ்டேட் புற்றைக் கண்டறிய எடுக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையின் வரலாற்றில் குளிருக்கும் ஒரு இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் குளிர் மட்டும் கொடுத்தால் இந்த விளைவு நம்பகமாக வருவதில்லை. 2012-ல் ஜேம்ஸ் அலிசன் குழுவின் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சுண்டெலியில் ஒரு புராஸ்டேட் கட்டியை உறையவைத்து, கூடவே, எதிர்ப்பு மண்டலத்துக்குப் பிரேக் போடும் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தும் கொடுத்தார்கள். வேறொரு இடத்தில் புதிதாகச் செலுத்திய கட்டி வளராமல் போனது, அல்லது மெல்ல வளர்ந்தது. எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை விடுவித்தால்தான் குளிர் காட்டிக்கொடுத்த அடையாளம் பயன்படுகிறது. (அலிசனுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது அந்த பிரேக் பற்றிய ஆய்வுகளுக்காக.) சுண்டெலியில் கண்டது மனிதரில் அப்படியே வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

வீட்டில் ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் கட்டி சுருங்குமா?

சுருங்காது. புராஸ்டேட் உடலின் ஆழத்தில், 37 டிகிரி இரத்தம் சுற்றி ஓடும் இடத்தில் இருக்கிறது. தோல் வெந்ததுபோல் புண்ணாகுமே தவிர, குளிர் அங்கே எட்டவே எட்டாது. தயவுசெய்து முயல வேண்டாம்.

நோயாளிகளுக்கு இது இப்போது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. உறைவிக்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது, குறிப்பாகக் கதிர்வீச்சுக்குப் பின் அதே இடத்தில் புற்று திரும்பியவர்களுக்கும், சுரப்பியின் ஒரு பகுதியில் மட்டும் கட்டி உள்ள சிலருக்கும். சிறுநீர்க்குழாயில் வெதுவெதுப்பான உப்புநீர் ஓடும் கத்தீட்டரை வைத்து அதைக் காப்பாற்றுகிறார்கள். விறைப்புக் குறைபாடு, சிறுநீர்க் கசிவு, அரிதாக மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே துளை விழுவது ஆகியவை ஆபத்துகள். மேலே சொன்ன மருந்துக் கூட்டணிகள் வழக்கமான சிகிச்சையாக இன்னும் மாறவில்லை.

உங்கள் அப்பாவுக்கோ கணவருக்கோ இதைப் பரிந்துரைத்தால், மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: கட்டியின் எல்லையில் எத்தனை டிகிரி வரை கொண்டுபோவீர்கள்? அதை ஊசி வெப்பமானியால் அளப்பீர்களா, படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்வீர்களா? எத்தனை சுற்று? எவ்வளவு நாள் கழித்து பயாப்ஸி எடுத்துப் பார்ப்பீர்கள்? இந்தக் கேள்விகளால் நல்ல மருத்துவர் எரிச்சலடைய மாட்டார்.

"ஆய்வகத்தில் புற்றுச் செல்கள் முழுதும் அழிந்தன" என்று செய்தி வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

எந்தச் செல் வரிசை என்று பாருங்கள். எல்என்கேப் மட்டும் என்றால் பாதிக் கதைதான். தனிச் செல்லா, ஜெல்லா, விலங்கா? எத்தனை டிகிரியில், எத்தனை சுற்றில்? பிறகு கடைசியாக எந்த நாளில் எண்ணினார்கள் என்று தேடுங்கள். 24 மணி நேரத்தோடு நிறுத்தியிருந்தால், அந்தத் தட்டை இன்னும் ஆறு நாள் இன்குபேட்டரில் வைத்துவிட்டு வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.